கூளையன் தானே எழுதியிருந்தா?

என் கையில இருக்கிறது ‘கூளமாதாரி’. பெருமாள்முருகன் எழுதி 2000ல வந்த நாவல். திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டுக்காடு, பனமரம், ஆட்டுப்பட்டி. கவுண்டர் பண்ணயத்துல ஆடு மேய்க்கிற அருந்ததியர் வீட்டுப் பிள்ளைங்க கூளையன், வவுறி, நெடும்பன், செவிடி. சேலம் நாமக்கல் பக்கத்துல ‘நம்ம ஊர்க் கதை ஒண்ணு சொல்லுங்க’ன்னு யாரு கேட்டாலும் நான் இதத்தான் எடுத்துக் குடுப்பேன்.

அப்படித்தான் ராசிபுரம் பக்கத்துல ஒரு தம்பிக்குக் குடுத்தேன். காலேஜ் படிக்கிறவரு. ரெண்டே நாள்ல படிச்சுட்டுத் திருப்பிக் கொண்டாந்தாரு. “அண்ணா, புத்தகம் அருமைங்ணா. எங்க தாத்தா இப்படித்தான் வருசக் கூலிக்குப் பட்டியில கெடந்தவரு. அவர மாதிரி ஒருத்தரே எழுதுன கதை இருந்தாக் குடுங்க”ன்னாரு.

அலமாரிய மேலயும் கீழயும் பாத்தேன். இல்லீங்க.

பெருமாள்முருகன் மேல இதுல ஒரு குறையும் கெடையாது. அவரு வெவசாயக் குடும்பத்துலருந்து வந்தவரு. பட்டிக்கு அந்தப் பக்கம் நிக்கிற பையனோட பசிய அவ்வளவு கிட்டப் போயி எழுதியிருக்காரு. ஆனா அந்தப் பையன் எழுதுனா என்னத்த மொதல்ல எழுதுவான், எதை எழுதாம விடுவான்? தம்பி கேட்டது அது. அதத் தேடிப் போன கதைதான் இந்தக் காணொளி.

தேடுறதுலயே மொதல்ல ஒரு சிக்கல். அமெரிக்காவுல கருப்பின எழுத்தாளர் புத்தகம் வேணும்னா, பின்னட்டையில போட்டோவப் பாத்தாலே பெரும்பாலும் தெரிஞ்சுடும். நமக்கு அப்படி இல்லை. பேருக்குப் பின்னால சாதியப் போடறத நாம விட்டுட்டோம், நல்லதுதான். பூமணி, பாமா, இமையம்னு அட்டையில இருந்தா உங்களுக்கு என்ன தெரியும்? நூலகத்துக்குப் போனாலும் தமிழ் நாவல் எல்லாத்துக்கும் 894.8113ன்னு ஒரே எண். அதுக்காகப் பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் மாதிரி ‘நீங்க எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம்’னு எழுத்தாளர விசாரிக்க முடியுங்களா? அந்தக் கேள்வி எதுக்குன்னு நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.

நான் கண்டுபிடிச்ச வழி சுலபமானது. ஒரு புத்தகத்தப் பிடிச்சா அதோட முன்னுரையப் படிங்க. யாருக்கு நன்றி சொல்றாரு, யார் எழுத்த மதிச்சுப் பேசறாருன்னு பாருங்க. அங்கருந்து அடுத்த பேரு கெடைக்கும். அம்பேத்கர் நூற்றாண்டு வந்த 1990, 91க்கு அப்புறம்தான் தலித் எழுத்து அலையா வந்துச்சு. அந்த வருசங்கள்ல வந்த சிற்றிதழ் கெடைச்சா விடாதீங்க. இன்னைக்குன்னா புத்தகத் திருவிழாவுல நீலம் பதிப்பகத்துக் கடையில அரை மணி நேரம் நின்னாப் போதும்.

இத்தனைக்கும் நம்ம வீடுகள்ல ‘ஏழு தலைமுறைகள்’ இருக்கும். அலெக்ஸ் ஹேலி எழுதுனத எத்திராஜுலு சுருக்கித் தமிழ்ல குடுத்தது. அதுல அடிமையா விக்கப்பட்ட குண்டா கிண்டேக்காக அழுதவங்க எத்தனையோ பேர எனக்குத் தெரியும். கென்யாவோட கூகி எழுதுன ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ தமிழ்ல இருக்கு. ஜெயில்ல கழிப்பறைக் காகிதத்துல எழுதுன நாவல்னு எல்லாரும் சிலாகிப்பாங்க. மும்பையில 1972ல தங்க இயக்கத்துக்குத் தலித் பேந்தர்ஸ்னு பேரு வெச்சவங்க, அமெரிக்காவோட பிளாக் பேந்தர்ஸப் பாத்துதான் வெச்சாங்க. கப்பலேறி வந்த கதைக்கு அழத் தெரிஞ்ச நமக்கு, பக்கத்துத் தெருக்காரர் எழுதுனது கண்ணுல படலையேன்னுதான் எனக்கு வெக்கமாப் போச்சு.

சரி, தம்பிக்கு என்ன குடுத்தேன்?

மொதல்ல ‘வெக்கை’. பூமணி, 1982. ‘அசுரன்’ படம் இதுலருந்து வந்ததுதான். ஆனா படம் தனுஷ் தோள்ல ஏறிப் போகுது. நாவல் சிதம்பரம்ங்கிற பையன் பின்னாலயே போகுது. கொலை பண்ணிட்டு அப்பனும் மகனும் காட்டுல ஒளிஞ்சு திரியறாங்க, சோறாக்குறாங்க, பேசிக்கிறாங்க. கதை முழுக்கச் சாதிப் பேரே வராது. படிக்கிறவருக்கு ஒரு எடத்துலயும் சந்தேகமும் வராது.

அடுத்தது அவரோடதே, 1979ல வந்த ‘பிறகு’. செருப்புத் தைக்கிற அழகிரியோட வாழ்க்கை. இது அருந்ததியர் கதை. ஆனா பூமணி அருந்ததியர் இல்லை. தம்பி கேட்டதுக்கு இதுவும் நேர்ப் பதில் ஆகாது. இமையத்தோட ‘கோவேறு கழுதைகள்’ (1994) அதே மாதிரி. தலித் மக்களுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் வீட்டு ஆரோக்கியம்தான் அதுல நாயகி. அதுக்குத் தலித் விமர்சகர்கள்கிட்டருந்தே கடுமையான எதிர்ப்பு வந்துச்சு. ஒடுக்கப்பட்டவங்கன்னு நாம ஒரே பெட்டியில போட்டு வெக்கிறோமில்ல, அந்தப் பெட்டிக்குள்ளயும் படிக்கட்டு இருக்கு. அருந்ததியருக்குத் தனியா 3 சதவீத உள் இட ஒதுக்கீடு 2009ல வந்ததுக்குக் காரணமும் அந்தப் படிக்கட்டுதான். கவிதையில மதிவண்ணன் இருக்காரு, உள் ஒதுக்கீட்டப் பத்தியும் எழுதியிருக்காரு. ஆனா நம்ம மேட்டுக்காட்டப் பத்தி அருந்ததியர் ஒருத்தரே எழுதுன நாவல்? இன்னும் தேடிட்டிருக்கேன்.

கொங்குக்குள்ளயே பக்கத்துல வர்றதுன்னா தேவிபாரதியோட ‘நீர்வழிப் படூஉம்’. 2023ல சாகித்திய அகாதெமி விருது. இது தலித் நாவல் இல்லை, நாவிதர் வீட்டுக் கதை. காரு மாமா சாவுக்குச் சனம் கூடுறதுலருந்து விரியுது. ஊருக்கு ஊழியம் பண்ண குடும்பத்துக்குள்ள ஒக்காந்து, நம்ம பேச்சுலயே எழுதுனது. அதுக்காகவே குடுத்தேன்.

சிபாரிசு பண்றதுல நான் பண்ண தப்பு ஒண்ணு சொல்றேன். ஆரம்பத்துல ‘இது தலித் நாவல், படிங்க’ன்னு குடுப்பேன். வாங்கறவரு மொகம் ஆஸ்பத்திரிக்கு நோயாளியப் பாக்கப் போற மாதிரி ஆயிடும். எழுதுனவங்களுக்கே அந்த முத்திரையில ஒத்த கருத்து இல்லை. பாமா பெருமையா ஏத்துக்குவாங்க. பூமணி, இமையம், சோ. தர்மன் வேண்டாம்பாங்க. இப்பக் கதையச் சொல்லிக் குடுக்கறேன். ‘கிசும்புக்காரன்’னு பாமாவோட சிறுகதைத் தொகுப்பு, படிச்சுச் சிரிங்கம்பேன். ஆண்டையையே மடக்கற கிண்டல் அது. கண்ணீர் மட்டும்தான் இருக்கும்னு நெனச்சு ஒதுங்குறவங்களுக்கு அதுதான் சரியான வாசல். அப்புறம் ‘கருக்கு’ (1992) தானா வந்து சேரும்.

ரொம்பப் படிக்க நேரமில்லைம்பாங்களே, அவங்களுக்கு இமையத்தோட ‘பெத்தவன்’. ஒரே மூச்சுல முடிஞ்சுடும். வேற சாதிப் பையன விரும்புன மகளக் கொல்லச் சொல்லி ஊரு ஒரு அப்பனுக்குக் கெடு வெக்குது. 2012ல வந்துச்சு. அதே வருசம் நவம்பர்ல தர்மபுரியில மூணு ஊரு தலித் குடியிருப்பு எரிஞ்சுது. ரெண்டரை வருசம் கழிச்சு, 2015 ஜூன்ல, ஓமலூர் கோகுல்ராஜ்ங்கிற தலித் இளைஞர், வேற சாதித் தோழியோட திருச்செங்கோட்டுக் கோயிலுக்குப் போனவரு, வீடு திரும்பலை. இந்தப் புத்தகத்த நான் யாருக்கும் விளக்கம் சொல்லிக் குடுக்கறதில்லை.

போன வாரம் தம்பி ‘பிறகு’வத் திருப்பிக் குடுத்தாரு. உள்ள பென்சில்ல கோடு கோடாப் போட்டிருக்காரு. எம் புத்தகத்துல கோடு போட்டா எனக்குப் புடிக்காது, அவருக்கும் தெரியும். என்னன்னு பாத்தா, நாவல்ல வர்ற கரிசக்காட்டுச் சொல் ஒவ்வொண்ணுக்குப் பக்கத்துலயும் ‘இதுக்கு எங்க தாத்தா வேற சொல்லுவாரு’ன்னு எழுதி, அந்தச் சொல்லையும் எழுதியிருக்காரு. எண்ணிப் பாத்தேன், நாப்பத்தி மூணு.

அந்தப் புத்தகத்த அவருகிட்டயே குடுத்துட்டேன். ஒரு நாப்பது பக்க நோட்டும் வாங்கிக் குடுத்திருக்கேன்.