தானே ஆடிப் பெறும் கதை

கதை கேட்கும் வேட்கை மாந்தரோடு உடன்பிறந்தது. பாட்டியின் மடியில் தொடங்கிய கதை, விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் வளர்ந்தது, ஏட்டிலும் அச்சிலும் நிலைபெற்றது, வெள்ளித்திரையில் ஒளிர்ந்தது. இன்று அது வீடியோ விளையாட்டுக்குள்ளும் குடிபுகுந்திருக்கிறது. இவ்வுண்மையை எமக்கு உணர்த்தியவர் எம் மாணவர் ஒருவரே ஆவார்.

எம் துறைக் கருத்தரங்கு ஒன்றில் புதிய கதை வடிவங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பகுதியிலிருந்து வந்து பயிலும் அம்மாணவர் எழுந்து, "ஐயா, சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்னும் விளையாட்டில் ஒரு கதைப் பகுதி இருக்கிறது. அதைப் பற்றிக் கட்டுரை வாசிக்கலாமா?" என்று கேட்டார். சென்னையில் பணியாற்றும் தமையனார் வீட்டில் விடுமுறை நாள்களில் அவர் அதனை ஆடியிருக்கிறார். அவையில் நகைப்பு எழுந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த ஹாஜியார் ஒருவர் மட்டும் நகைக்கவில்லை. "அடித்துக்கொள்ளும் ஆட்டத்தில் கதைக்கு என்ன வேலை, தம்பி?" என்று பரிவோடு வினவினார். அவ்வினாவுக்கு விடை காண முயன்றதன் பயனே இக்கட்டுரை.

பல கதைமாந்தர், ஒரே களம்

இவ்விளையாட்டின் அடிப்படை, வெவ்வேறு கதைகளுக்குரிய மாந்தரை ஒரே களத்தில் மோதவிடுவதாகும். ஜப்பானிய நாட்டு மஸாஹிரோ சகுராய் இதனை வடிவமைத்தார். பின்னாளில் நின்டென்டோ நிறுவனத்தின் தலைவரான சடோரு இவாடா, முதல் மாதிரிக்கான நிரலை எழுதித் தந்தார். 1999 சனவரியில் ஜப்பானில் வெளிவந்த முதல் விளையாட்டில் வீரர் பன்னிருவர். குழாய்ப் பணியாளர் மரியோ, வாளேந்திய லிங்க், உருண்டை வடிவக் கிர்பி, மின்னல் வீசும் பிக்காச்சு என ஒவ்வொருவரும் ஒவ்வோர் உலகத்தார். 2018 இல் வெளிவந்த 'அல்டிமேட்' என்னும் பதிப்பில் பின்னர்ச் சேர்க்கப்பட்டோரையும் கூட்டினால் வீரர் தொகை 89 ஆயிற்று.

களத்தின் விதியும் தனித்தன்மை உடையது. பிற சண்டை விளையாட்டுகளில் அடிபட அடிபட உயிராற்றல் குறையும். இதிலோ அடி விழுந்தோறும் வீரனின் சேத விழுக்காடு ஏறும். அது ஏற ஏற, அடுத்த அடியில் அவன் மேலும் தொலைவில் எறியப்படுவான். களத்தின் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டவனே தோற்றவன்.

காலமும் இடமும் வேறான மாந்தரை ஓரிடத்தில் கூட்டுவது தமிழர்க்குப் புதிதன்று. எம் மாவட்டத்துத் திருக்கோவிலூரையே எடுத்துக்கொள்வோம். அங்கே பாரி மகளிர் திருமணத்துக்கு ஔவையார் மூவேந்தரையும் வரவழைத்தார் என்பது வழிவழி வரும் கதை. அதே ஔவையார் பல நூற்றாண்டு கடந்து கம்பரோடும் உரையாடியதாக மக்கள் சொல்வர். வடமொழியில் 16 ஆம் நூற்றாண்டில் பல்லாளர் இயற்றிய போஜப் பிரபந்தம், 11 ஆம் நூற்றாண்டுப் போஜனின் அவையில், அவனுக்குப் பன்னெடுங்காலம் முற்பட்ட காளிதாசனையும் பவபூதியையும் ஒருங்கே அமர்த்துகிறது. வரலாற்று ஆசிரியர் இதனைப் பிழை என்பர். கதை கேட்பவரோ, 'இவ்விருவரும் சந்தித்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?' என்ற ஆவலால் மகிழ்வர். ஸ்மாஷ் விளையாட்டு நிற்பதும் அந்த ஆவலின் மேல்தான்.

தனியொருவர் செல்லும் வழி

நால்வர் கூடி ஆரவாரத்தோடு ஆடுவதற்கென்று பிறந்த இவ்விளையாட்டில், ஒருவர் தனித்திருந்து ஆடுதற்குரிய பகுதியும் உண்டு. 2001 இல் வந்த 'மெலீ' பதிப்பில் அதற்குச் 'சாகசப் பகுதி' என்றே பெயர். ஆடுபவர் தாம் தெரிந்தெடுத்த வீரனோடு வெவ்வேறு உலகங்களைக் கடந்து சென்று, இறுதியில் பேருருக் கொண்ட பௌசர் என்னும் பகைவனை எதிர்கொள்வார். களந்தோறும் வென்று நாயகன் மேற்செல்லும் இவ்வமைப்பு, இசுலாமியத் தமிழ்ப் புலவர்கள் தமிழுக்கு வழங்கிய கிஸ்ஸா, படைப்போர் ஆகிய இலக்கிய வகைகளை அறிந்தவர்க்கு அயலாகத் தோன்றாது.

2008 இல் வந்த 'பிரால்' பதிப்பில் இப்பகுதி ஒரு காப்பியம்போல் விரிந்தது. கதையமைப்பில் சகுராயோடு கைகோத்தவர் கசுஷிகே நோஜிமா என்னும் புகழ்பெற்ற விளையாட்டுக் கதையாசிரியர். வியப்பு யாதெனில், அந்நெடுங்கதையில் உரையாடல் ஏறத்தாழ இல்லை. தோற்ற வீரர் பதுமையாகி உறைந்து நிற்பர். தோழர் ஒருவர் பீடத்தைத் தொட்டால் உயிர்பெற்று எழுவர். அச்சமும் நட்பும் ஐயமும் முகக்குறிப்பாலும் மெய்யசைவாலும் மட்டுமே உணர்த்தப்படுகின்றன. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பாடமாகப் பயில்வோர் இதனை ஒருமுறை காண்பது நன்று.

ஒளியும் இருளும்

'அல்டிமேட்' பதிப்பின் கதைப் பகுதிக்கு 'ஒளியின் உலகம்' என்று பொருள்படும் பெயர் அமைந்துள்ளது. தொடக்கத்தில் வீரர் அனைவரும் ஒரு மலைமுகட்டில் அணிவகுத்து நிற்கின்றனர். கலீம் என்னும் ஒளிப்பிழம்பு வானில் தோன்றித் தன் கதிர்களைப் பாய்ச்ச, வீரரும் உலகமும் ஒருசேர அழிகின்றனர். விண்மீன் ஊர்தியில் விரைந்து பறந்த கிர்பி ஒருவனே தப்புகிறான். உடலிழந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதைமாந்தர் ஆவிகளாகிப் பாவை வீரருள் சிறைப்படுகின்றனர். தனித்து நிற்கும் கிர்பியைக் கொண்டு ஆட்டத்தைத் தொடங்கும் நாம், பரந்த நிலப்படத்தில் வழி தேடிச் சென்று ஒவ்வொருவராக மீட்கவேண்டும்.

கலீமை வீழ்த்தியதும் கதை முடியும் என எண்ணுவோம். முடிவதில்லை. ஒளி தளர்ந்த அக்கணமே தார்க்கோன் என்னும் இருட்படைத் தலைவன் வானைப் பிளந்து வருகிறான். இறுதிக் களத்தில் இவ்விருவர் படைகளும் தம்முள் பொருகின்றன. அங்கே மூன்று முடிவுகள் நமக்காகக் காத்திருக்கின்றன. கலீமை மட்டும் வென்றால் உலகை இருள் விழுங்கும். தார்க்கோனை மட்டும் வென்றால் ஒளி எல்லாவற்றையும் எரித்து வெறுமையாக்கும். இரு பக்கத்துப் படைகளையும் சமமாகக் குறைத்து, நடுவழியைத் திறந்து, இருவரையும் ஒருங்கே எதிர்த்து வென்றால்தான் சிறைப்பட்ட ஆவிகள் விடுதலை பெறும்.

ஒளி என்றாலே நன்மை என்று பழகிய நமக்கு இஃது ஓர் அதிர்ச்சி. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் பொருளை மனனம் செய்து ஒப்பிப்பது எளிது. இங்கோ, ஒரு பக்கம் சாய்ந்ததன் விளைவை நம் கைகளே உண்டாக்கிவிடுகின்றன. கருத்தரங்கில் ஹாஜியார் மீண்டும், "இதில் யார் நல்லவன், தம்பி?" என்று வினவியபோது அம்மாணவர் தந்த விடை எம் நெஞ்சில் நிற்கிறது. "ஒளியின் பக்கம் நின்றால் போதும் என்று நினைத்து ஆடினேன், ஐயா. உலகம் அழிந்தது. அழித்தவன் நான்தான்."

மூலமும் குறிப்பேடும்

இக்கதையின் மூன்று முடிவுகளையும் நாம் மேலே மூன்று வரிகளில் கூறிவிட்டோம். அவற்றைப் படித்தோர் முடிவை அறிந்தனர். ஆனால் அம்மாணவர் அறிந்ததை அறிந்தனரா? இவ்விடத்தேதான் ஆசிரியரும் மாணாக்கரும் ஆழ்ந்து எண்ணவேண்டிய செய்தி உள்ளது.

'பிரால்' பதிப்பின் கதைக் காட்சிகள், விளையாட்டை ஆடியவர் பெறும் பரிசாக உருவாக்கப்பட்டவை. அவை வெளிவந்ததும் இணையத்தில் ஏற்றப்பட்டன. ஆடாதவரும் அமர்ந்த இடத்திலேயே அவற்றைக் கண்டு முடித்தனர். ஆடிப் பெறவேண்டிய பரிசு அதன் மதிப்பை இழந்தது எனச் சகுராய் வருந்தினார். 2014 இல் வந்த அடுத்த பதிப்பில் அத்தகைய நெடுங்கதை இடம்பெறவில்லை.

இவ்வருத்தம் தமிழாசிரியர்க்கு நன்கு பழக்கமானது. சிலப்பதிகாரத்தைத் திறவாமலே குறிப்பேட்டின் கதைச்சுருக்கத்தைக் கொண்டு தேர்வில் மதிப்பெண் பெறும் மாணாக்கரை ஆண்டுதோறும் காண்கிறோம். கண்ணகி மதுரையை எரித்தாள் என்பதை அவர்கள் அறிவர். ஆனால் புகாரிலிருந்து அவளோடு நெடுவழி நடந்து, மாதரியின் மனையில் தங்கி, பிரிவின் நாழிகைகளை எண்ணியவர்க்கே அந்தத் தீயின் வெம்மை புரியும். மேகம் அருவியைப் படத்தில் காண்பவனும், கல்வராயன் மலைக்காட்டில் கல்லும் வேரும் மிதித்துச் சென்று அதன் சாரலில் நனைபவனும் ஒரே அருவியைக் கண்டவர் ஆகார்.

பெரியோரின் ஐயங்கள்

பெற்றோர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் உள்ள அச்சத்தை நாம் புறந்தள்ளவில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் குடும்பங்களைச் சீரழித்தன. 2022 இல் தமிழ்நாடு அவற்றுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 இல் நாடு முழுமைக்குமான சட்டமும் வந்தது. நாம் இங்கு விளக்கிய கதைப் பகுதி அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. இதில் பந்தயம் இல்லை; முகம் அறியாத எதிராளி இல்லை; இணையத் தொடர்பின்றியே ஆடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்கு ஒரு முடிவு உண்டு. முடிவுள்ளதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து செல்ல இயலும்.

குறைகளும் உள. ஆவிகளை மீட்கும் போர்கள் ஒன்றுபோல் மீளமீள வந்து சலிப்பூட்டுகின்றன. தொடக்கத்தில் கிளர்ந்த கதை நெடுநேரம் காட்சியின்றி மெலிகிறது. முழுதும் ஆடி முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேர்வுக் காலத்தில் அத்தனை மணி நேரத்தை அதற்கு ஈவது அறிவுடைமை ஆகாது. பொறியின் விலையும் எளிய குடும்பங்களின் கைக்கு எட்டுவதன்று.

நிறைவாக

அடித்துக்கொள்ளும் ஆட்டத்தில் கதைக்கு என்ன வேலை என்னும் வினாவுக்கு நாம் கண்ட விடை இது: வெற்றி எதற்காக என்று வென்றவனையே எண்ண வைப்பதுதான் கதையின் வேலை. கூத்தை வைகறைவரை கண்விழித்துக் கண்டவர்க்கும், காப்பியத்தை அடியடியாகப் பயின்றவர்க்கும் கிடைத்த பேறு, தன் கையால் ஆடி முடித்தவர்க்கும் ஓரளவு கிடைக்கிறது.

எம் மாணவர் தம் கட்டுரையை எழுதி வருகிறார். அதற்குரிய கலைச்சொற்கள் தமிழில் இன்னும் நிலைபெறவில்லை. அவற்றை ஆக்கித் தருவது தமிழ்த்துறையின் கடமை. அவரிடம் நாம் ஒரு கட்டளையும் இட்டுள்ளோம்: விளையாட்டை முழுதும் ஆடியதுபோல், இப்பருவத்துப் பாடநூலான காப்பியத்தையும் குறிப்பேட்டின் துணையின்றி மூலத்திலேயே பயின்று வரவேண்டும். அவர் சிரித்துக்கொண்டே இசைந்தார். நாமும் ஒரு வாக்குறுதி அளித்தோம்: அடுத்த விடுமுறையில், நகைத்த ஆசிரியர்களாகிய நாம் அமர்ந்து கிர்பியோடு முதல் களத்தில் இறங்குவோம்.