குருவி கத்தும் கப்பல்

பன்னிரண்டு கிலோஹெர்ட்ஸ் ஒலி மனிதக் காதுக்குக் கேட்கும் என்று படித்திருந்தேன். அதன் மேலேயே முப்பது நாள் படுத்துத் தூங்க வேண்டிவரும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. சென்னைத் துறைமுகத்தை விட்டு, கரையோரத்து ஆழமில்லாக் கடலைத் தாண்டியதும், அந்த ஒலியை அனுப்பிக் கடலின் ஆழத்தை அளக்கும் மல்டிபீம் சோனாரை ஓடவிட்டார்கள். அன்று ராத்திரி என் கேபின் தரைக்கு அடியில் ஒரு குருவி கத்தத் தொடங்கியது. ‘ட்வீக்’. சில நொடி அமைதி. மறுபடியும் ‘ட்வீக்’. முதல் இரண்டு ராத்திரி தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் ராத்திரி தூக்கம் வந்துவிட்டது.

நான் விஞ்ஞானி இல்லை. கடல் சர்வே டெக்னீஷியன். விஞ்ஞானிகள் கேட்கும் தரவைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. அந்தப் பயணத்தில் எனக்கு வாய்த்தது நள்ளிரவு பன்னிரண்டு முதல் நாலு வரை, பிறகு பகல் பன்னிரண்டு முதல் நாலு வரையான வாட்ச். ஐந்து திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் லாக் புக்கில் நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, கப்பலின் வேகம், திசை, கீழே உள்ள ஆழம் எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டும். கம்ப்யூட்டர்தான் பதிந்துகொள்கிறதே, கையால் எதற்கு என்று முதல் நாள் கேட்டேன். “கம்ப்யூட்டர் தூங்கிட்டா அதைச் சொல்ல ஒரு ஆள் வேணும்ல” என்றார் தலைமை விஞ்ஞானி. எழுதுகிற நேரம் இந்திய நேரம் இல்லை, கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துக் கழித்து, ஊருக்குத் திரும்பிய பிறகும் ஒரு வாரம் பஸ் நேரத்தைக்கூடக் கழித்துக்கொண்டிருந்தேன்.

கடலின் ஆழத்தை அளக்கிறோம் என்று சொல்கிறோமே, உண்மையில் நாங்கள் அளப்பது நேரத்தை. கப்பலின் அடிவயிற்றில் பதித்த கருவி ஒலியை விசிறிபோல விரித்து அனுப்புகிறது. அது தரையில் பட்டு எதிரொலியாகத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதுதான் கைக்குக் கிடைப்பது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். மூவாயிரம் மீட்டர் ஆழம் என்றால், நேர் கீழே போன ஒலி நாலு நொடியில் திரும்பிவிடும். அறுபது பாகை சாய்வாகப் போன ஒலிக்கு எட்டு நொடி ஆகும். ஓரத்து எதிரொலியும் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த கத்தல். ஆழம் கூடக் கூடக் குருவி நிதானமாகக் கத்தும். இதை எனக்கு முன்னால் கண்டுபிடித்தவர் எங்கள் பண்டாரி. கப்பல் பாஷையில் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். காலையில் இட்லித் தட்டை நீட்டும்போதே, “இன்னைக்கு நல்ல ஆழம்போல மேடம்” என்பார். திரையைப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

இதில் வில்லங்கம் அந்த 1,500 என்ற எண்ணில் இருக்கிறது. அது எல்லா இடத்திலும் 1,500 இல்லை. வெதுவெதுப்பான மேல் தண்ணீரில் ஒலி வேகமாக ஓடும். வங்காள விரிகுடாவின் மேற்பரப்பில் 1,540 வரை இருக்கும். கீழே போகப் போகத் தண்ணீர் குளிரும், ஒலியும் தளரும். ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டி எங்கோ ஓரிடத்தில் தளர்ச்சி நின்று, பிறகு அழுத்தம் ஏறுவதால் வேகம் மறுபடி கூடும். உப்புக்கும் இதில் பங்கு உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீரால் விரிகுடாவின் வடக்கே மேல்தண்ணீரில் உப்பு குறைவு, தெற்கே வர வர ஏறும். வேகம் மாறும் இடத்திலெல்லாம் சாய்வாகப் போகும் ஒலி வளையும், குளத்தில் குத்திய கோல் வளைந்து தெரிவதைப்போல. ஆகவே தரையை அளக்கும் முன் தண்ணீரை அளக்க வேண்டும்.

அதற்கு எக்ஸ்பிடி என்ற சாமான் இருக்கிறது. முழ நீளம்கூட இல்லாத குண்டு, அதன் வாலில் தலைமுடி போன்ற செம்புக் கம்பி சுருண்டிருக்கும். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்தில் நின்று துப்பாக்கி போன்ற பிடியிலிருந்து கடலில் விட வேண்டும். கம்பி பிரிந்துகொண்டே போக, குண்டு நொடிக்கு ஆறு மீட்டர் வீதம் இறங்கிக்கொண்டே வெப்பநிலையைச் சொல்லும். இரண்டு நிமிடத்தில் எழுநூறு மீட்டரைத் தாண்டிவிடும். பிறகு கம்பி அறுந்து போகும். குண்டு திரும்பி வராது.

பயணத்தின் ஒன்பதாம் ராத்திரி நான் விட்ட குண்டின் கம்பியைக் காற்று கப்பலின் பக்கச் சுவரோடு உரசவிட்டது. எண்பது மீட்டருக்குக் கீழே வந்த எண்களெல்லாம் குப்பை. இன்னொன்று விட்டிருக்க வேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தது, பின்தளம் வழுக்கியது, எனக்குச் சோம்பல். முந்தின நாள் அளந்த தண்ணீர் கணக்கையே வைத்து ஓட்டினேன். நாங்கள் இரண்டு நாளாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தோம், தண்ணீர் மாறியிருந்தது. விடியற்காலையில் வந்த தலைமை விஞ்ஞானி திரையைப் பார்த்துவிட்டு, “தரை சிரிக்குதே மேடம்” என்றார்.

சர்வேக்காரர்கள் இதை அப்படித்தான் சொல்வோம். தண்ணீர் கணக்கு தப்பினால் சமதரையின் இரண்டு ஓரமும் மேலே சுருண்டு, புன்னகைக்கும் வாய்போலத் தெரியும். எதிர்ப்பக்கம் தப்பினால் ஓரங்கள் தொங்கும், அது முகம் சுளிப்பது. அன்று மூவாயிரம் மீட்டர் கீழே ஒரு தரை என்னைப் பார்த்து நாலு மணி நேரமாகச் சிரித்திருக்கிறது. எதிரொலி வந்த நேரம் அப்படியே பதிவாகியிருந்ததால், புதிதாகத் தண்ணீரை அளந்து கணக்கை மாற்றிப் போட்டதில் பெரும்பகுதி நேரானது. ஓரங்களை வெட்டிப் போடவேண்டியதாயிற்று. வெட்டிய இடத்தை நிரப்பக் கப்பலைத் திருப்பி ஆறு மணி நேரம் ஓட்டினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஊருக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னேன். தூத்துக்குடியில் நாற்பது வருஷம் வள்ளத்தில் போனவர். கடலுக்கு அடியிலுள்ள பாறைத் திட்டுகளைப் பார் என்பார். எந்தப் பாரில் எத்தனை பாகம் தண்ணீர், எங்கே மணல், எங்கே சேறு என்று விரல் விட்டு எண்ணுவார். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலுக்குள் விட்டு, இழுக்கும்போது கை விரித்துக் கை விரித்து எண்ணிக்கொள்ள வேண்டும். என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப நீ அளக்குறது தண்ணியத்தான்ட்டி, தரைய இல்ல. நான் விட்ட குண்டு தரையத் தொட்டுச்சு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உலகத்துக் கடல்களை முதன்முதலில் முறையாக அளக்கப் புறப்பட்ட ‘சேலஞ்சர்’ கப்பலும் (1872 முதல் 1876 வரை) அப்பாவின் முறையைத்தான் கையாண்டது. இங்கிலீஷ்காரர்களின் ஃபேதம் என்ற அளவும் கை விரித்த நீளம்தான், ஆறடி. 1875 மார்ச் 23 அன்று மேற்குப் பசிபிக்கில் மரியானா அகழிப் பக்கம் அவர்கள் விட்ட கயிறு 4,475 ஃபேதம் இறங்கியது. எட்டுக் கிலோமீட்டருக்கு மேல்! அத்தனை பாடுபட்டுக் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. அடுத்த புள்ளி அடுத்த நாளோ, நாலு நாள் கழித்தோ. நடுவில் மலை இருந்தாலும் பள்ளம் இருந்தாலும் தெரியாது.

நாங்கள் செய்வது உழவு. மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் விசிறியின் அகலம் பத்துக் கிலோமீட்டருக்குமேல் வரும். கப்பல் ஒன்பது நாட் வேகத்தில், அதாவது மணிக்குப் பதினாறு பதினேழு கிலோமீட்டரில், நேர்கோட்டில் ஓடும். கோடு முடிந்ததும் திரும்பி, பழைய சாலைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு அடுத்த சால் பிடிக்கும். சால் விலகினால் நடுவில் உழாத கரம்பு நிற்கும், நெருங்கினால் டீசல் வீண். திரும்புவதையும் தொட்டுக்கொள்வதையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், தமிழ்நாட்டின் பரப்பான 1,30,058 சதுர கிலோமீட்டரை இந்த ஆழத்தில் ஒரு மாதத்தில் உழுதுவிடலாம். அதே பரப்பு முப்பது மீட்டர் ஆழத்தில் இருந்தால் விசிறி நூறு மீட்டருக்குச் சுருங்கிவிடும், எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். கரைக்குப் பக்கத்துக் கடல்தான் எளிது என்று நினைப்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்ப்பேன், நம்பமாட்டார்கள்.

பல ராத்திரிகளில் ஒன்றுமே நடக்காது. வங்காள விரிகுடாவின் அடித்தரை இமயமலையின் மண். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து தள்ளிய வண்டல், நிலநடுக்கோட்டையும் தாண்டிச் சுமார் மூவாயிரம் கிலோமீட்டருக்குப் படிந்து கிடக்கிறது. இதைவிடப் பெரிய கடலடி வண்டல் விசிறி உலகில் கிடையாது. சில இடங்களில் படிவின் கனம் பதினாறு கிலோமீட்டருக்கு மேல். எவரெஸ்ட் ஒன்பது கிலோமீட்டர்கூட இல்லை. அதன்மேல் கப்பல் ஓட்டினால் மணிக்கணக்காக ஒரே நிறம்தான் திரையில் வரும். டீயைக் குடித்துவிட்டு, வலை வலையாக வரும் பொய்ப் புள்ளிகளை அழித்துக்கொண்டிருப்பேன். கடல் கொந்தளித்தால் கப்பலுக்கடியில் குமிழி புகுந்து ஒலியை மறைத்துவிடும். ராத்திரியில் ஆழத்திலிருந்து மேலே இரை தேடி வரும் சிறு மீன்களும் இறால் வகைகளும் கூட்டமாகச் சேர்ந்து இன்னொரு தரைபோலக் காட்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோனார் ஓட்டியவர்கள் இதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறார்கள்.

பதினாலாம் ராத்திரி அப்படி அழித்துக்கொண்டிருந்தபோது திரையின் ஓரத்தில் ஒரு கோடு வந்தது. நீலத்துக்குள் கொஞ்சம் கறுத்த நீலம். கருவிக் கோளாறு என்று முதலில் நினைத்தேன். கோளாறு என்றால் கப்பலின் பாதையோடு ஒட்டி ஓடும். இது வளைந்தது, பிறகு எதிர்ப்பக்கம் வளைந்தது. அடுத்த சாலில் தொடர்ச்சியும் கிடைத்தது. இரண்டு பக்கமும் கரை உயர்ந்து, தாமிரபரணி வயல்களுக்கிடையே போவதுபோல நெளிந்து போகும் வாய்க்கால், மூவாயிரம் மீட்டர் தண்ணீருக்கு அடியில். மண்ணும் தண்ணீரும் கலந்த சேற்று வெள்ளம் கடலடியில் பாய்ந்து அறுத்த தடம் அது. ஆறு கடலில் கலந்துவிட்டது என்று நாம் சொல்கிறோம், அது கொண்டுவந்த மண் அங்கே நிற்பதில்லை. இப்படிப்பட்ட வாய்க்கால்கள் இந்த விசிறியில் உண்டு என்பது அறிவியலுக்குப் பழைய செய்தி. 2015-இல் ‘ஜாய்டஸ் ரெசல்யூஷன்’ என்ற துளையிடும் கப்பல் எட்டாம் அட்சரேகையை ஒட்டி ஏழு இடங்களில் தோண்டி இந்த மண்ணை ஆராய்ந்திருக்கிறது. ஆனால் அன்று அந்த வளைவைப் பார்த்தது அந்தக் கப்பலில் நான் ஒருத்திதான். எழுப்பலாமா வேண்டாமா என்று யோசித்து, தலைமை விஞ்ஞானியின் கதவைத் தட்டிவிட்டேன். லுங்கியோடு வந்து ஒரு மணி நேரம் நின்று பார்த்தார்.

மறுநாள் அந்த வாய்க்காலுக்கு நேர் மேலே கப்பலை நிறுத்தி சிடிடியை இறக்கினோம். சட்டத்தில் வட்டமாக நிறுத்திய தண்ணீர்க் குழாய்கள், நடுவே வெப்பமும் உப்பும் அழுத்தமும் அளக்கும் கருவி. விஞ்சு நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் இறக்கும். மூவாயிரத்துக்குப் போய்வர இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அது போகும்போது சட்டத்தில் ஒரு வலைப்பையும் போகும், அதில் தெர்மோகோல் டம்ளர்கள். இது உலகத்து ஆராய்ச்சிக் கப்பல்களிலெல்லாம் உள்ள விளையாட்டு. கீழே அழுத்தம் நாம் தரையில் உணர்வதைப்போல முந்நூறு மடங்கு. டம்ளருக்குள் இருக்கும் காற்றெல்லாம் நசுங்கி, எழுதிய பெயரோடு அது கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கித் திரும்பும். பண்டாரி தன் பேத்தியின் பெயரை எழுதிக் கொடுத்தார். குழாயில் வந்த தண்ணீர் கைக்கு ஐஸ்போல இருந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

இத்தனையும் எதற்கு என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். செல்போனில் பார்த்தால் கடலடி முழுக்கத் தெரிகிறதே என்பார்கள். அதில் பெரும்பகுதி செயற்கைக்கோள் போட்ட ஊகம். கடலடி மலையின் ஈர்ப்பு சுற்றியுள்ள தண்ணீரைத் தன்பக்கம் இழுக்க, கடல்மட்டம் அங்கே மெல்லப் புடைக்கும். அந்தப் புடைப்பை வைத்துக் கீழே மலை இருக்கிறது என்று கணிக்கிறார்கள். சில கிலோமீட்டருக்குக் குறைந்த எதுவும் அதில் தெரியாது, என் வாய்க்கால் தெரியவே தெரியாது. கப்பலில் போய் அளந்த கடலடி 2017-இல் ஆறு சதவீதம், 2025-இல் 27.3 சதவீதம்.

சுனாமியைச் சொன்னால் கேள்வி கேட்டவர்கள் அமைதியாகிவிடுவார்கள். சுனாமியின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம். நாலாயிரம் மீட்டரில் அது மணிக்கு எழுநூறு கிலோமீட்டர், பத்து மீட்டரில் முப்பத்தாறு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து நாகப்பட்டினத்துக்கு அலை வரச் சுமார் இரண்டரை மணி நேரமே ஆனது. எங்கள் தூத்துக்குடிக் கரைக்கு இலங்கை குறுக்கே நின்றது. அலை எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில் வரும் என்று ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையம் கணிக்க வேண்டுமானால், தரையின் ஆழம் அதன் கையில் இருக்க வேண்டும்.

வாட்ச் முடிந்து தூக்கம் வராத நேரங்களில் மேரி தார்ப்பை நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவில் 1950களில், கப்பலில் பெண்களை ஏற்றமாட்டோம் என்ற காலத்தில், ஆண்கள் கொண்டுவந்த ஆழ எண்களை மேசையில் வைத்து அட்லாண்டிக்கின் தரையை வரைந்தவர். நடுமலைத் தொடரின் உச்சியில் நெடுகப் பிளவு ஓடுவதைக் கண்டார். கண்டங்கள் நகர்கின்றன என்பதற்கு அது பெரிய சாட்சி. கூட வேலை செய்த புரூஸ் ஹீசன் அதை முதலில் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளினார், பிறகு ஒப்புக்கொண்டார். தார்ப் முதன்முதலில் ஆய்வுக் கப்பல் ஏறியது 1968-இல். எனக்கு முதல் பயணத்திலேயே ஜன்னல் வைத்த கேபின் கொடுத்தார்கள், குருவியோடு சேர்த்து.

இருபத்தொன்பதாம் நாள் விடிகாலை, கடைசிச் சால் முடிந்தது. லாக் புக்கில் நேரம் எழுதிவிட்டு, பிரிட்ஜுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, சோனாரை நிறுத்தினேன். என்ஜின் சத்தம் மட்டும் மிஞ்சியது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பண்டாரி, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

“என்ன மேடம், தரைக்கு என்ன ஆச்சு?”