முகாமுக்குள் சட்டம் நுழையும் வழி

தமிழ்நாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு வீடும் கல்வியும் ஓரளவு கிடைத்துள்ளன. சட்டத்தின் முன் தம் நிலையை நிறுவிக்கொள்வதற்கான உதவி மட்டும் இன்னும் முறையாகச் சென்று சேரவில்லை.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்மீது நிகழ்ந்த கொடும் வன்முறைக்குப் பின் படகேறி வந்தவர்களில் தொடங்கி, 2012 ஆகஸ்ட் வரை இந்தியாவுக்குள் வந்த இலங்கை அகதிகளின் எண்ணிக்கையை 3,04,269 என இந்திய உள்துறை அமைச்சகம் பதிவு செய்துள்ளது. அவர்களில் பலர் ஊர் திரும்பினர், பலர் பிற நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தனர். எஞ்சியவர்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களிலும், ஏறத்தாழ 34 ஆயிரம் பேர் காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு முகாம்களுக்கு வெளியிலும் வாழ்ந்துவருகின்றனர். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தின்கீழ், பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தரும் பணி தொடங்கப்பட்டதோடு, குடும்பத் தலைவருக்கான மாதாந்திரப் பணக்கொடை 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முகாம்களும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்ற பெயரைப் பெற்றன. ஆனால் அந்த வீடுகளில் வளரும் பிள்ளைகள் எந்த நாட்டின் குடிமக்கள் என்ற கேள்விக்கு நலத்திட்டங்களால் விடைகூற முடியாது. அது சட்டத்தின் வழியாகத் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி. அவ்வழியில் துணையின்றி நடப்பது ஓர் அகதிக் குடும்பத்தால் இயலாது.

தனிச்சட்டம் இல்லாத நாடு

அகதி என்பவர் யார், அவருக்குரிய உரிமைகள் எவை என்பவற்றை வரையறுக்கும் 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலோ அதன் 1967-ஆம் ஆண்டு நெறிமுறையிலோ இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றவும் இல்லை. ஆகவே போருக்கு அஞ்சி வந்தவரும் விசாக் காலம் முடிந்தும் தங்கிவிட்ட சுற்றுலாப் பயணியும் சட்டத்தின் பார்வையில் 'வெளிநாட்டவர்' என்ற ஒரே வகைக்குள் அடங்குகின்றனர். ஆப்கானிஸ்தான், மியான்மர் போன்ற நாடுகளிலிருந்து வருவோரின் புகலிடக் கோரிக்கைகளை ஐ.நா. அகதிகள் முகமை பரிசீலித்து அட்டை வழங்குகிறது. இலங்கைத் தமிழர்களையோ அரசே நேரடியாகப் பதிவு செய்து பராமரிக்கிறது. எனவே அவர்களது வாழ்வின் பெரும்பகுதி சட்டப்பிரிவுகளைவிட அரசாணைகளையும் அதிகாரிகளின் அனுமதிகளையும் சார்ந்ததாகவே அமைந்துவிட்டது.

இந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியது இந்திய அரசமைப்புச் சட்டம். சமத்துவத்தை உறுதிசெய்யும் 14-ஆம் பிரிவும், உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் பாதுகாப்பளிக்கும் 21-ஆம் பிரிவும் குடிமக்களுக்கு மட்டும் உரியவை அல்ல. இந்திய மண்ணில் இருக்கும் எவருக்கும் உரியவை. அகதிகளாக வந்து அருணாசலப் பிரதேசத்தில் வாழ்ந்த சக்மா மக்களை அங்கிருந்து விரட்ட முயற்சி நடந்தபோது, தேசிய மனித உரிமை ஆணையம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டியது. உயிருக்கு ஆபத்துள்ள நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற பன்னாட்டுக் கோட்பாடு 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் 1998-இல் கூறியது. அதே வேளையில், நாட்டில் தங்கி வாழும் உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே 19-ஆம் பிரிவு வழங்குவதால், நீதிமன்றங்களின் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. தண்டனைக் காலம் முடிந்தபின் இந்தியாவிலேயே தங்க அனுமதி கோரிய ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது அந்த எல்லையை நினைவூட்டியது. எந்த மன்றத்தில், எந்தப் பிரிவின்கீழ், எந்த ஆவணத்தோடு முறையிடுவது என்று சொல்லித்தர ஒரு வழக்கறிஞர் தேவைப்படுவது இதனால்தான்.

பிறந்த தேதியும் குடியுரிமையும்

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இந்தியாவில் பிறந்தவர்களை அவர்கள் பிறந்த காலத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை பிறந்தவர்கள், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அதற்குப் பின் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவர்களுக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். அந்நாள் முதல் பிறப்பவர்களுக்கோ பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும். உரிய கடவுச்சீட்டு இன்றி நாட்டுக்குள் நுழைந்தவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்படுகிறார். உயிர் தப்பிக்கக் கள்ளத்தோணி ஏறியவர்களிடம் கடவுச்சீட்டு இருந்திருக்க வாய்ப்பில்லை என்பதால், முகாமைச் சேர்ந்தவரை மணந்த தமிழ்நாட்டுப் பெண்ணின் பிள்ளைகளும்கூட இந்த வரையறையால் இந்தியக் குடியுரிமையை இழக்க நேர்கிறது.

முதல் வகையினருக்குச் சட்டம் தெளிவாகவே உரிமை வழங்கியிருந்தது. ஆயினும் அது நடைமுறைக்கு வர ஒரு வழக்கு தேவைப்பட்டது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது, அவர் பிறப்பால் இந்தியர் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஏட்டில் இருந்த ஓர் உரிமை, பிறப்புச் சான்றிதழும் வழக்கறிஞரும் நீதிமன்றமும் ஒன்றுசேர்ந்தபோதுதான் அவருடைய கைக்கு வந்தது. முகாமில் வளர்ந்து, தாமும் குடிமக்களே என்பதை அறியாதிருக்கும் எவருக்கும் இத்தீர்ப்பின் பயன் சென்று சேர வேண்டுமானால், யாரேனும் முகாமுக்கே சென்று பதிவேடுகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட மதச் சிறுபான்மையினருக்கு மட்டுமே சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து விலக்கு அளித்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் வெளியான ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா தொடர்பான விதிகளிலிருந்து விலக்களித்தது. இது பெரும் ஆறுதல் தரும் நடவடிக்கை. எனினும் தண்டனை அச்சத்தை நீக்கும் விலக்கு வேறு, குடியுரிமை வேறு. 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பித் தனுஷ்கோடிக் கரைக்கு வந்தவர்களோ இந்த விலக்குக்குள்ளும் வரமாட்டார்கள்.

மலையகத் தமிழரின் தனி வழக்கு

முகாம்களில் வாழ்வோரில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர், அதாவது இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலைசெய்ய இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இம்மக்களில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழி இந்தியா ஒப்புக்கொண்டது. பின்னர் வன்முறைக்கு அஞ்சிப் படகில் வந்தவர்கள், இந்தியப் பூர்வீகம் கொண்டவர்களாக இருந்தும் அகதிகளாகவே பதியப்பட்டனர். அவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் உயர் நீதிமன்ற நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதித் தள்ளிவிடாமல் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டார். மறுபுறம், இந்தியாவில் அகதிகளாக வாழும் மலையகத்தாரும் இலங்கைக் குடியுரிமை பெறும்படி இலங்கை நாடாளுமன்றம் 2009-இல் தன் சட்டத்தைத் திருத்தியது. ஒரு குடும்பத்திற்கு எந்த வழி உகந்தது என்று முடிவு செய்ய இரு நாட்டுச் சட்டங்களையும் அறிந்த ஆலோசனை தேவை.

சமூகமே கட்டியெழுப்பிய துணை

இத்தகைய ஆலோசனையை முதலில் ஒழுங்குபடுத்தியவர்கள் அகதிகளே. தந்தை செல்வா என்று போற்றப்படும் இலங்கைத் தமிழ்த் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984-இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், படித்த அகதி இளைஞர்களையும் பெண்களையும் தொண்டர்களாகப் பயிற்றுவித்து, கல்வி, உடல்நலம் ஆகியவற்றோடு ஆவணப் பணியையும் மேற்கொண்டது. முகாமில் பிறந்த குழந்தையின் பிறப்பை உள்ளாட்சி அமைப்பில் பதிவதோடு கடமை முடிவதில்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பதிந்து 'தூதரகப் பிறப்புச் சான்று' பெற்றால்தான் அக்குழந்தை இலங்கைக் குடியுரிமை கோர முடியும். அதற்குப் பெற்றோரின் பிறப்புச் சான்று, திருமணச் சான்று முதலியவை வேண்டும். போரில் அவை அழிந்திருக்கலாம். முகாமில் நடந்த திருமணம் பதியப்படாமல் இருக்கலாம். முகாம் பதிவேட்டிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயர் வெவ்வேறாக எழுதப்பட்டிருக்கலாம். கூலி வேலையை விட்டு, அனுமதி பெற்று, சென்னைக்கு வந்து காத்திருக்க வேண்டிய ஒருவருக்கு, படிவத்தை நிரப்பித்தந்து பிழைகளை முன்கூட்டியே திருத்தும் அண்டை வீட்டுத் தொண்டர் செய்யும் உதவி மூத்த வழக்கறிஞரின் வாதத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

ஊர் திரும்ப விரும்புவோருக்கும் இதே துணை வேண்டும். 1992-இல் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியபோது, அது அவரவர் விருப்பத்தின்படியே நடக்க வேண்டும் என்று வலியுறுத்தி அரசியல் தலைவர்களான பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். அவ்வாண்டில்தான் ஐ.நா. அகதிகள் முகமை, செல்வோரின் விருப்பத்தை உறுதிசெய்யச் சென்னையில் அலுவலகம் திறந்தது. ஆயினும் 2025 மே மாதம், அம்முகமையின் உதவியோடு யாழ்ப்பாணம் திரும்பிய முதியவர் ஒருவர், பல்லாண்டுகளுக்கு முன் முறையான ஆவணமின்றி நாட்டைவிட்டு வெளியேறினார் என்ற குற்றச்சாட்டில் விமான நிலையத்திலேயே கைதானார். புறப்படும் கரையில் மட்டுமன்றிச் சேரும் கரையிலும் சட்டப் பாதுகாப்பு உறுதியாக வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

அரசு செய்யக்கூடியது

இத்தகைய சட்ட உதவியை வழங்கப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், அதன் 12-ஆம் பிரிவில் இலவச சட்ட உதவிக்கு உரியவர்களைப் பட்டியலிடும்போது பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்போர் ஆகியோருடன், இன வன்முறை போன்றவற்றால் தம் தவறின்றித் துன்பத்துக்கு ஆளானவர்களையும் சேர்க்கிறது. குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அது விதிக்கவில்லை. இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு இப்பிரிவைவிடப் பொருத்தமானது வேறொன்று இருக்க முடியாது. மாவட்டந்தோறும் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், 15100 என்ற கட்டணமில்லா அழைப்பெண்ணும், சட்டத் தன்னார்வலர் திட்டமும் ஏற்கெனவே உள்ளன. ஒவ்வொரு முகாமிலிருந்தும் இருவரையாவது, அதிலும் பெண்களை, சட்டத் தன்னார்வலர்களாகப் பயிற்றுவிப்பதும், குறித்த கால இடைவெளியில் வழக்கறிஞர்கள் முகாமுக்கே வந்து ஆவணங்களைப் பரிசீலிப்பதும், வருவாய்த் துறையும் மறுவாழ்வுத் துறையும் தம் பதிவேடுகளிலுள்ள பெயர்ப் பிழைகளை ஒரே இடத்தில் திருத்தித்தருவதும் மாநில அளவிலேயே செய்யக்கூடியவை.

குடியுரிமை வழங்குவது ஒன்றிய அரசின் அதிகாரம். இலங்கைத் தமிழர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து விடுவிப்பதும் நாடாளுமன்றத்தின் கடமை. அக்கடமை நிறைவேறும் நாளில் விண்ணப்பிக்கக் கையில் ஆவணமின்றி எந்தக் குடும்பமும் தவித்து நிற்கக்கூடாது. அதற்கான சட்ட உதவியை ஒவ்வொரு முகாமுக்கும் இப்போதே கொண்டுசேர்ப்பது, நாற்பது ஆண்டுகளாக இம்மக்களுக்கு அடைக்கலம் தந்த தமிழ்நாட்டின் பொறுப்பு.