பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா?

“பத்திரத்திலே யார் பேர் இருந்தா என்னக்கா? நானும் அவரும் வேற வேறயா?”

எங்கள் தெருவில் குடியிருந்த அந்தப் பெண் என்னிடம் இப்படித்தான் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போதுதான் புறநகரில் வீடு வாங்கியிருந்தார்கள். கைப்பணத்துக்காக அவளுடைய பன்னிரண்டு பவுன் நகை போயிற்று. பள்ளிக்கூட வேலையில் அவள் வாங்கும் சம்பளமும் மாதாமாதம் தவணைக்கே போயிற்று. வங்கியில் கடனுக்கு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கிரயப் பத்திரம் மட்டும் கணவர் பெயரில்.

நாலே வருஷம். மாரடைப்பில் அவர் போய்விட்டார். உயில் இல்லை, கடனுக்கு இன்ஷூரன்ஸும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று: வீட்டில் கால் பங்கு, கடனிலோ முழுப் பங்கு!

எப்படி என்கிறீர்களா? 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து மனைவி, பிள்ளைகள், தாயார் எல்லோருக்கும் சமமாகப் போகும். இவளுக்கு இரண்டு குழந்தைகள்; மாமியாரும் இருந்தார். ஆக நாலு பங்கு. ஆனால் கடனில் கையெழுத்துப் போட்டவள் என்பதால் பாக்கி முழுவதையும் வங்கி இவளிடம் கேட்கலாம். சரி, வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால் குழந்தைகள் மைனர்கள். அவர்கள் பங்கை விற்க முதலில் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். மாமியார் நல்ல மனுஷி. தன் பங்கை விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் அப்படி வாய்க்குமா, சொல்லுங்கள்?

கடன்காரர் வேறு, சொந்தக்காரர் வேறு

நம்மில் பலர் குழம்புவது இங்கேதான். கடனில் உங்கள் பெயர் இருந்தால் நீங்கள் கூட்டுக் கடன்தாரர். கிரயப் பத்திரத்தில் ‘எழுதி வாங்குபவர்’ என்ற இடத்தில் உங்கள் பெயர் இருந்தால்தான் கூட்டு உரிமையாளர். சொந்தக்காரர்கள் எல்லோரும் கடனில் சேர வேண்டும் என்று வங்கிகள் பெரும்பாலும் கேட்கும். ஆனால் கடனில் சேர்ந்தவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்களா என்று அவர்கள் பார்க்க மாட்டார்கள். அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

வாங்கும்போதே இரண்டு பெயர் எழுதுவதற்குக் கூடுதல் முத்திரைத்தாள் செலவு கிடையாது. பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் தனியாக செட்டில்மெண்ட் பத்திரம், அதற்கு முத்திரைத் தீர்வை, கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் என்று வேலை வளரும். 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்து, 2025 ஏப்ரல் முதல் தமிழக அரசு சலுகையும் தந்திருக்கிறது.

யாருக்கு எவ்வளவு?

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்வது இது: இருவர் சேர்ந்து பணம் போட்டு வாங்கினால், அவரவர் போட்ட பணத்துக்கு ஏற்பப் பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாவிட்டால் சமபங்கு. ஆகவே பங்கைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். நகை விற்ற ரசீது, வங்கி பாஸ் புத்தகம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

அண்ணன் தம்பியோ அக்கா தங்கையோ சேர்ந்து வாங்கினால் இன்னும் கவனம் தேவை. ஒருவரால் தவணை கட்ட முடியாமல் போனால் என்ன செய்வது, ஒருவர் விற்க நினைத்தால் மற்றவருக்கு முதலில் கொடுக்க வேண்டுமா என்பதை எல்லாம் முகம் மலர்ந்திருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனஸ்தாபம் வந்த பிறகு எழுத முடியாது.

கையில் எவ்வளவு வேண்டும்?

வீட்டு விலை முழுவதற்கும் வங்கி கடன் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையுள்ள கடனுக்கு விலையில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் என்பது உச்ச வரம்பு. 40 லட்ச ரூபாய்க்குத் தனி வீடு என்றால் 32 லட்சம் கிடைக்கலாம். மீதி 8 லட்சத்தோடு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னும் 3 லட்சத்து 60 ஆயிரமும் நம் கையிலிருந்து போக வேண்டும்.

தவணைக் கணக்கையும் பாருங்கள். 20 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதம் சுமார் 18,000 ரூபாய். மொத்தம் கட்டுவது 43 லட்சத்துக்கு மேல்! அதையே 15 வருஷமாகக் குறைத்தால் மாதம் 20,300 ரூபாய். மொத்தம் சுமார் முப்பத்தாறரை லட்சம். மாதம் 2,300 ரூபாய் கூடக் கட்டினால் ஆறரை லட்சம் மிச்சம். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. ஆகவே போனஸோ சீட்டுப் பணமோ வந்தால் கொஞ்சம் கடனில் போடுங்கள்.

இருவரும் வேலைக்குப் போகிறவர்களா? பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் என்றால், குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டியில் ஆளுக்கு 2 லட்சம் வரை வரிக்கழிவு பெறலாம். கடனிலும் பத்திரத்திலும் இருவர் பெயரும் இருக்க வேண்டும். தவணையும் இருவர் பணத்திலிருந்து போக வேண்டும்.

இவற்றை மறக்காதீர்கள்

* வங்கிக் கணக்கு மாதிரி, ‘ஒருவர் போனால் மற்றவருக்கு’ என்று வீடு தானாக வந்துவிடாது. போனவருடைய பங்கு அவருடைய வாரிசுகளுக்குத்தான். ஆகவே இருவரும் உயில் எழுதுங்கள். அபசகுனம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

* கடன் தொகைக்கு ஈடாக இன்ஷூரன்ஸ் எடுங்கள். சம்பாதிக்கும் இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

* கடன் முடிந்ததும் மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அடமானம் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்து, வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அந்தப் பெண் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். மாலையில் டியூஷன் எடுத்துக் கடனை அடைத்து வருகிறாள். சென்ற மாதம் அவள் தம்பி வீடு வாங்கினான். பத்திரம் எழுதுகிற இடத்துக்கு இவளும் கூடப் போனாளாம்.

“அண்ணே, தம்பி பேரு சரியா இருக்கு. அதுக்குக் கீழே அவன் பொண்டாட்டி பேரையும் எழுதுங்க. அப்புறம் கையெழுத்துப் போடலாம்” என்றாளாம்.