பரோட்டா ஊரில் ‘க்ளூட்டன் ஃப்ரீ’ சமையல் சாத்தியமா? அண்ணாச்சி கடையிலேயே இருக்கு பதில்!

‘க்ளூட்டன் ஃப்ரீ’ என்ற வார்த்தையைக் கேட்டதும் பலருக்கும் ஆன்லைனில் விற்கும் காஸ்ட்லியான ஆட்டா பாக்கெட்தான் ஞாபகம் வரும். டாக்டர் “இனிமே கோதுமை, மைதா தொடக்கூடாது” என்று சொல்லிவிட்டால், வீட்டில் முதலில் வரும் கவலையும் அதுதான்: “இதையெல்லாம் எங்க போய் வாங்குறது? மாசம் எவ்வளவு ஆகும்?”

தூத்துக்குடி மாதிரி ஊரில் அந்தக் கவலைக்குப் பெரிதாக வேலை இல்லை. அரிசி, உளுந்து, கம்பு, மீன், தேங்காய் என இந்த மாவட்டத்து அடுப்படியில் இருப்பதில் முக்கால்வாசி இயல்பாகவே க்ளூட்டன் இல்லாதவை. சிக்கல் பெரிய சாப்பாட்டில் இல்லை. ஒரு சிட்டிகை பெருங்காயம், ஒரு மாவு மில், ஒரு தோசைக்கல் என யாரும் கவனிக்காத இடத்தில்தான் இருக்கிறது.

க்ளூட்டன்னா என்ன?

பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் துணி மாதிரி விரிகிறதே, அந்த இழுவையைத் தருவதுதான் க்ளூட்டன். கோதுமையில் இருக்கும் புரதம் இது. பார்லி, ரை ஆகிய தானியங்களிலும் இதே வகைப் புரதம் உண்டு. மைதா, ரவை, கோதுமை ரவை, சேமியா எல்லாமே கோதுமையின் வேறு வேறு வடிவங்கள்தான்.

‘சீலியாக்’ நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்க ஆரம்பித்துவிடும். சாப்பிடும் சத்து உடம்பில் சேராது. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், மாத்திரை போட்டும் சரியாகாத ரத்தசோகை, குழந்தைகளுக்கு வளர்ச்சி குறைவு என்று பல ரூபத்தில் இது தெரியும். இதைக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆயுள் முழுக்க க்ளூட்டன் இல்லாத சாப்பாடுதான் சிகிச்சை.

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தைகள் மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், அங்கே ரொட்டிக்குக் கடும் பஞ்சம். ஊரே பட்டினியில் கிடந்தபோது இந்த நோய் உள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். தன் ஆய்வை அவர் 1950-ல் வெளியிட்டார்.

நம்ம ஊர்ல இது இருக்கா?

இருக்கிறது, ஆனால் குறைவு. 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். வடக்கில் 1.23 சதவீதம் பேருக்கும், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேருக்கும், தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும் ரத்தத்தில் சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கே ஆயிரத்தில் ஒருவர் என்ற கணக்கு. இந்த நோய்க்கு வழிவிடும் மரபணு மூன்று பகுதி மக்களிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. சாப்பிடும் கோதுமையில்தான் பெரிய வித்தியாசம்: ஒரு நாளைக்கு வடக்கே சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம்.

காலையில் ரஸ்க், சாயங்காலம் பிஸ்கட், ராத்திரி பரோட்டா, “சுகர் இருக்கு, அதான் சப்பாத்தி” என்று நம் தட்டும் மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

முதல்ல டெஸ்ட், அப்புறம்தான் டயட்!

பலரும் சறுக்கும் இடம் இது. சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்து டெஸ்டுக்குப் போவார்கள். சீலியாக்கைக் கண்டறியும் ‘டிடிஜி-ஐஜிஏ’ ரத்தப் பரிசோதனை, க்ளூட்டனுக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்வினையைத்தான் அளக்கிறது. சாப்பாட்டில் க்ளூட்டனே இல்லையென்றால், நோய் இருந்தும் ரிசல்ட் ‘நார்மல்’ என்று வரலாம். அதனால் வழக்கமாகச் சாப்பிட்டுக்கொண்டே டெஸ்ட் எடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி மூலம் குடல் திசுவை எடுத்துப் பார்ப்பார்கள். ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் ஆகியோரும் டெஸ்ட் எடுப்பது நல்லது.

வெயிட் குறைக்க மட்டும் க்ளூட்டனை நிறுத்த நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: க்ளூட்டன் இல்லை என்பதாலேயே ஒரு பிஸ்கட் சத்தானதாகிவிடாது. பல பாக்கெட்டுகளில் கோதுமைக்குப் பதில் இருப்பது வெறும் ஸ்டார்ச்சும் சர்க்கரையும்தான்.

கடையில் என்ன வாங்கலாம்?

அரிசி, அவல், பொரி, உளுந்து, பாசிப்பருப்பு, கடலை, எள், தேங்காய், காய்கறி, முட்டை, பால், மீன், கறி எதிலும் க்ளூட்டன் இல்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர் பக்கத்துக் கரிசல் காட்டில் விளையும் கம்பு, சோளம், குதிரைவாலியிலும் இல்லை. கேழ்வரகு, தினை, சாமை, வரகும் அப்படித்தான். மண்டி அரிசியும் ரேஷன் அரிசியும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

உஷாராக இருக்க வேண்டிய பட்டியல் வேறு. அதில் முதல் இடம் பெருங்காயத்துக்கு. கடையில் கிடைப்பது பெரும்பாலும் ‘கூட்டுப் பெருங்காயம்’. சுத்தமான காயப் பிசினின் காரத்தைக் குறைக்க கோதுமை மாவோ அரிசி மாவோ கலப்பார்கள். சாம்பார், ரசம், முறுக்கு, ஊறுகாய் என எல்லாவற்றிலும் விழும் பொருள் இது. கடையில் இப்படிக் கேட்கலாம்:

“அண்ணாச்சி, இந்தக் காயத்துல கோதுமை மாவு சேர்த்திருக்கா?”

“டப்பா பின்னாடி பாருங்க தம்பி, அரிசி மாவு போட்டதும் இருக்கு.”

அடுத்தது ‘சிறுதானிய’ அயிட்டங்கள். ராகி பிஸ்கட், மில்லட் நூடுல்ஸ், கம்பு சேமியா என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும். பின்பக்கம் திருப்பினால் பலவற்றில் மைதாவோ கோதுமையோ இருக்கும். சத்துமாவு, மால்ட் கலந்த பானங்கள், சோயா சாஸ், ரெடிமேட் பஜ்ஜி மாவு ஆகியவற்றையும் பார்க்காமல் வாங்கக்கூடாது. ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு கலந்துதான் கடைக்கு வருகிறது. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

லேபிளில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ‘க்ளூட்டன் ஃப்ரீ’ என்ற வாசகம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் க்ளூட்டன் இருந்தால்தான் அப்படிப் போட முடியும். இரண்டு, அலர்ஜி எச்சரிக்கை. 2020-ம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி, க்ளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். லூஸில் வாங்கும் மாவுக்கு லேபிளே கிடையாது. அதனால் முழுத் தானியமாக வாங்கி வீட்டிலேயே அரைப்பதுதான் சேஃப்.

ஸ்வீட், ஸ்நாக்ஸ் கதை என்ன?

2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலைமிட்டாய் வெறும் நிலக்கடலையும் வெல்லமும்தான். தூத்துக்குடி மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மட்டுமே. மாவே கிடையாது. ஆனால் மக்ரூன் தயாராகும் பேக்கரியில்தான் கேக்குக்கும் பன்னுக்கும் மைதா பறக்கும். ஒரே டேபிள், ஒரே ட்ரே என்றால் சீலியாக் உள்ளவர்களுக்கு அது ஆகாது. கேட்டு வாங்குங்கள்.

முதலூர் மஸ்கோத் அல்வா தேங்காய்ப்பாலில் செய்வதுதானே என்று ஏமாற வேண்டாம், அதில் மைதாப் பாலும் உண்டு. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பால். இரண்டும் நோ!

என்ன சமைக்கலாம்?

காலையில் இட்லி, தோசை, இடியாப்பம்-சொதி. மதியம் சோறு, மீன் குழம்பு, ஒரு காய். ராத்திரிக்கு மட்டும் சப்பாத்திக்குப் பதில் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

குதிரைவாலி தோசை: குதிரைவாலி 3 கப், உளுந்து 1 கப், வெந்தயம் 1 டீஸ்பூன். 4 மணி நேரம் ஊறவைத்து அரைத்து, உப்புப் போட்டு 8 மணி நேரம் புளிக்க விட்டால் மாவு ரெடி. வழக்கமான தோசை மாதிரியே வரும்.

சாளை மீன் வறுவல்: அரை கிலோ மீனுக்கு மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், உப்பு, எலுமிச்சைச் சாறு. மொறுமொறுப்புக்கு அரிசி மாவு 1 டேபிள்ஸ்பூன். அரை மணி நேரம் ஊறவைத்துப் பொரிக்கலாம். கடைகளில் விற்கும் வறுவல் மசாலாவில் சில மைதா சேர்த்தவை. அதனால் வீட்டு மசாலாவே பெஸ்ட்.

ஒரே வீட்டில் ரெண்டு சமையலா?

வேண்டியதில்லை. குடும்பம் முழுக்க அரிசி, சிறுதானியத்துக்கு மாறினாலே பாதி வேலை முடிந்தது. மற்றவர்களுக்குச் சப்பாத்தி வேண்டுமென்றால் தோசைக்கல், பூரிக்கட்டை, சல்லடை, மாவு டப்பா ஆகியவற்றைத் தனியாக வைக்க வேண்டும். கோதுமை அரைத்த கையோடு அதே மில்லில் கம்பு அரைத்தால் மாவு கலந்துவிடும். வீட்டில் மிக்ஸி போதும். ஹோட்டலில் பரோட்டா போட்ட கல்லில் வார்த்த தோசையும், சமோசா பொரித்த எண்ணெயில் போட்ட வடையும் இதே கதைதான்.

கடற்கரை ஊர்களில் பல வீடுகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பூசையில் வாங்கும் நற்கருணை அப்பம் கோதுமையில் செய்தது ஆயிற்றே? 2017-ல் வத்திக்கான் அனுப்பிய சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது: க்ளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, க்ளூட்டன் மிகக் குறைவான அப்பம் செல்லும். அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்.

கல்யாண வீட்டில் “ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது” என்று இலையில் பூரி வைப்பார்கள். சீலியாக் உள்ளவருக்கு அந்த ஒரு வாயும் குடலைப் புண்ணாக்கும். வலி தெரியவில்லை என்பதற்காகப் பாதிப்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. சோறும் சாம்பாரும் இருக்கிற இலைதானே? சாம்பாரில் எந்தக் காயம் போட்டார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு உட்காரலாம்.