துப்பாக்கிக் கட்டைக்கு எந்த மரம்?

துப்பாக்கி என்றவுடன் இரும்புக் குழல்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் தோளில் பதிவதும் கன்னத்தில் படுவதும் குழலைத் தாங்குவதும் கட்டையே. கல்கத்தாவில் நாம் பயிலும் இப்பல்கலைக்கழகத்தின் துப்பாக்கி சுடும் கழகத்தில் இரண்டு பழைய .22 துப்பாக்கிகளுக்குக் கட்டை மாற்ற வேண்டியிருக்கிறது. முழு வால்நட் மரமா, ஏடுகளை அடுக்கி ஒட்டிய மரமா என்று விவாதம் நடக்கிறது. "ஒட்டுப் பலகையா? அது மேஜைக்கல்லவா!" என்று நம் தமிழ் நண்பர்களே நகைக்கிறார்கள். ஆகவே விஷயத்தைச் சற்று ஆராய்வோம்.

வால்நட் என்பது காஷ்மீரத்து அக்ரூட் மரமேதான். அதன் புகழ் சும்மா வந்ததன்று. அதிகக் கனமில்லை, நுணுக்கமாகச் செதுக்கினாலும் எளிதில் சிம்பு பெயராது, உதைப்பையும் தாங்கும். அழகையோ கேட்க வேண்டாம்.

ஆனால் மரம் ஈரத்தை உண்டு உப்பும்; உலர்ந்தால் சுருங்கும். ஆடி மாதத்தில் நம் விடுதிக் கதவு சாத்த மறுப்பதை யார் அறியார்? நார் ஓடும் திசையில் இம்மாற்றம் அற்பம். குறுக்கேதான் தொல்லை. அமெரிக்கக் கருப்பு வால்நட் பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 7.8 சதவீதமும், வளையத்துக்குக் குறுக்கே 5.5 சதவீதமும் சுருங்குகிறது. இரண்டும் சமமல்ல, நாரும் எங்கும் நேராக ஓடுவதில்லை. எனவே கட்டை கோணுகிறது.

கோணினால் என்ன? கட்டை குழலை ஒரு பக்கமாக நெருக்கும். 60 செ.மீ. குழலின் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலே, 50 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 8 மி.மீ. விலகும். அங்கே பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். சுடுபவன் கை நடுங்காமலே பத்து ஒன்பதாகிவிடும்!

ஏடு ஒட்டிய கட்டை இங்கேதான் வெல்கிறது. சாதாரண ஒட்டுப் பலகையில் ஏடுகளை மாற்றி மாற்றிக் குறுக்காக வைப்பார்கள்; துப்பாக்கிக் கட்டையில் பெரும்பாலும் நார்கள் ஒரே திசையில் ஓடும். அப்படியானால் சுருக்கம் நின்றுவிடுமா? நிற்காது. ஆனால் ஓர் ஏடு இடப்புறம் கோண முயன்றால் அடுத்தது வலப்புறம் இழுக்கும். பல ஏடுகளின் கோணல்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துவிடுகின்றன. நம் ஆய்வுக்கூடத்தில் பல அளவுகளின் சராசரி எடுக்கிறோமே, அதே தத்துவம். ஒரு கணுவோ கீறலோ இருந்தாலும் அது ஓர் ஏட்டோடு நின்றுவிடும். கட்டையின் மெல்லிய கழுத்தில் இது பெரிய ஆதாயம். முழு மரத்தில் நார் அங்கே சாய்வாக ஓடினால் உதைப்பில் பிளந்துவிடும். ஈஷாப்பூரில் செய்த லீ-என்பீல்டு துப்பாக்கிகள் பலவற்றின் முன்கட்டையில், பிளவைத் தடுக்கவே ஒரு திருகாணி குறுக்காக ஓடுவதைக் காணலாம்.

பசை விட்டுப்போகாதா என்பது நியாயமான கேள்வி. தச்சரின் வஜ்ஜிரம் ஈரத்தில் இளகும். பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்த பிசின் சூட்டில் இறுகிவிட்டால் நீரில் கரையாது. ஜெர்மானியர் 1930-களின் பிற்பகுதியிலிருந்து மௌசர் 98கே துப்பாக்கிக்கு பீச் மர ஏடுகளை ஒட்டிப் பயன்படுத்தினார்கள். போர்க்களத்தில் அது நிலைத்தது. நல்ல வால்நட் கட்டை உலர ஆண்டுகள் ஆகும். மெல்லிய ஏடு விரைவில் உலரும். சோவியத் நாட்டின் ஏ.கே.எம். (1959) துப்பாக்கியும் பிர்ச் ஏடுகளையே ஏற்றது.

குறையும் உண்டு. பிசினும் அடர்ந்த மரமும் சேர்வதால் கனம் கூடும். மலையேறி நாள் முழுதும் சுமப்பவனுக்கு நான் வால்நட்டையே சொல்வேன். ஒரே இடத்தில் படுத்துச் சுடும் நமக்கோ அந்தக் கனம் உதவியே, துப்பாக்கி ஆடாது. கழகத்தில் என் வாக்கு ஏடு ஒட்டிய கட்டைக்குத்தான்.

எதை வாங்கினாலும் ஒன்று செய்ய வேண்டும். வெளியே மெருகு பூசி, குழல் படியும் பள்ளத்தையும் பின்தகட்டின் அடியையும் வெறுமனே விட்டுவிடுகிறார்கள். நாரின் வெட்டுமுனை வழியாகத்தான் ஈரம் மிக விரைவாக ஏறும். பூச்சு அங்கேதான் முதலில் வேண்டும்.