சூளுரையும் வசைமொழியும்

சொல்வது உண்மை என்றோ, ஒன்றைச் செய்து முடிப்பதாகவோ, தான் மதிக்கும் ஒன்றின் பெயரால் ஒருவர் உறுதி கூறுவது சூளுரை அல்லது ஆணையிடல் ஆகும். பேச்சு வழக்கில் இது சத்தியம் எனப்படுகிறது. பிறரைப் புண்படுத்தவோ சினத்தை வெளிப்படுத்தவோ கூறப்படும் இழிசொல் வசை எனப்படும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் வழங்குகிறது. தமிழில் சொற்கள் வேறு. எனினும் இரண்டுக்கும் இடையில் சாபம் நிற்கிறது.

சூளுரையும் சாபமும்

சூளுரை என்பது, தவறினால் பலிக்கட்டும் என்று ஒருவர் தன்மேல் தானே இட்டுக்கொள்ளும் சாபமாகும். சங்க இலக்கியத்தில் இது வஞ்சினம் எனப்பட்டது. புறநானூற்றின் 72ஆம் பாடலில் பாண்டியன் நெடுஞ்செழியன், பகைவரை வெல்லாவிடில் குடிமக்கள் தன்னைக் கொடியவன் எனத் தூற்றுக என்றும், புலவர்கள் தன் நாட்டைப் பாடாது ஒழிக என்றும் கூறுகிறான். அவன் பணயம் வைத்தது தன் புகழை. இன்றோ எரியும் கற்பூரத்தை அணைத்தும், பிள்ளையின் தலையில் அடித்தும், தாயின் பெயரைச் சொல்லியும் சத்தியம் செய்வர். பணயமாக வைக்கப்படுபவரின் ஒப்புதலை எவரும் கேட்பதில்லை.

சாபத்தை ஆவணத்தின் காவலாகவும் பயன்படுத்தினர். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் மண்டபத் தூண் ஒன்றில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு உள்ளது. 8ஆம் நூற்றாண்டில் காஞ்சியைக் கைப்பற்றிய இவன், கோயிலின் செல்வத்தைக் கவராமல் திருப்பியளித்ததை அது கூறுகிறது. இவ்வெழுத்துகளை அழிப்பவர், இந்நகரின் கடிகையைச் சேர்ந்த பெரியோரைக் கொன்றவர் செல்லும் உலகை அடைவர் என்று முடிகிறது. கடிகை என்பது காஞ்சியின் புகழ்பெற்ற கல்விக்கூடம். அயல்நாட்டு வேந்தன், உள்ளூரார் எதை அஞ்சுவர் என அறிந்தே எழுதச் செய்தான் எனலாம்.

தற்கால நீதிமன்றங்களில் சாபத்தின் இடத்தைத் தண்டனை பெற்றுள்ளது. 1969ஆம் ஆண்டு ஆணையுறுதிகள் சட்டப்படி, சாட்சி சொல்பவர் கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். எவ்வாறு கூறினும் பொய்ச்சாட்சி குற்றமே. காஞ்சிபுரத்தில் பிறந்த கா. ந. அண்ணாதுரை 1967 மார்ச் 6 அன்று முதலமைச்சராக உளமார உறுதி கூறியே பதவியேற்றார்.

வசை

முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருக்களில் நிகழும் நாடகம். கபால ஓட்டைத் தொலைத்த காபாலிகன் ஒருவன் பௌத்தத் துறவியைத் திருடன் எனத் திட்டுகிறான்; புத்தரையும் விடவில்லை. ஓட்டை எடுத்ததோ ஒரு நாய். அதே காபாலிகன் தொடக்கத்தில் மதுவை விடுவதாகச் சூளுரைத்து உடனே கைவிடுகிறான்.

அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் கூறுவதை இலக்கண நூலார் இடக்கரடக்கல் என்றனர். ஆனால் வசையில் ஆபாசச் சொற்கள் ஒரு பகுதியே. தாயை இழிப்பதும், சாதிப்பெயரையே வசையாக்குவதும் தமிழில் பரவலாக உள்ளன. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசச் சொற்களைக் கூறினால், 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 296ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ அப்பிரிவுகளைச் சேராத ஒருவர் பொதுப் பார்வையில் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதை, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தனிக் குற்றமாக்கியது. இதற்குத் தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் ஆகும்.